திரைக்குப் பின்னால் ஒரு சொல்

கப்பலேறி ஊர் திரும்பிய இரண்டு துரைமார் விட்டுப்போன கார்கள் வெள்ளவத்தையில் பலீல் முதலாளியின் முற்றத்தில் நின்றன. ஒன்று பச்சை, மற்றது கறுப்பு. எதை வாங்குவது என்பது முதலாளியின் கவலை. வேலை நிலைக்குமா என்பது டிரைவர் நிக்கலஸின் கவலை.

காரணம் அவன் வாய். கொட்டாஞ்சேனையில் பிறந்து துறைமுகத்தில் வளர்ந்த வாய்.

வியாழக்கிழமை, முதலாளியையும் அவர் மனைவி லுத்பியாவையும் பச்சைக் காரில் கொட்டாஞ்சேனைக்கு, அவளுடைய உம்மா வீட்டுக்குக் கொண்டுபோனான். முதலாளி முன்னால் இருந்தார். பின்னாசனத்தைச் சுற்றித் திரை. வீட்டுப் பெண்கள் வெளியே தெரியக் கூடாது. ஆனால் திரை காதை மூடுவதில்லை. பச்சைக் காரின் ஸ்டியரிங், முன்சக்கரங்களைத் திருப்பும் பல்லுச்சட்டத்தை நேரே கடித்திருந்தது. ஸ்டியரிங்கின் ஒன்றரைச் சுற்றில் முன்சக்கரம் முழுதாகத் திரும்பிவிடும். அதே வழியால் றோட்டுப் பள்ளமும் ஏறி வந்து மணிக்கட்டில் அறையும். ஏழு பள்ளம். ஏழு தடவை அவன் வாயில் அந்தச் சொல். நங்கூரம் காலில் விழுந்தவன் சொல்லும் சொல்.

"இன்னொருக்கா பொம்புளைகள்ட காதுல அது விழுந்திச்சோ, சாவியத் தந்துட்டுப் போ" என்றார் பலீல்.

கறுப்புக் கார் தன்னைக் காப்பாற்றும் என்று நிக்கலஸ் நம்பினான். அதன் ஸ்டியரிங் தண்டின் அடியில் பல்லுச்சட்டத்துக்குப் பதில் ஒரு திருகாணி இருந்தது. முற்றத்திலேயே செய்து காட்டினான். பச்சைக் காரின் முன்சக்கரத்தை ஓங்கி உதைத்தான். உள்ளே ஸ்டியரிங் தானாகச் சுழன்றது.

"அல்லாவே, உள்ளுக்கு ஜின் ஈக்கிதா?" என்றார் பலீல்.

கறுப்பின் சக்கரத்தை உதைத்தான். ஸ்டியரிங் அசையவில்லை.

"பாத்தீங்களா முதலாளி? கை சொன்னாச் சக்கரம் கேக்கும். சக்கரம் சொன்னாக் கை கேக்காது."

"என்ட வீட்டுல ஆரு கை, ஆரு சக்கரம்டு கேட்டுடாத" என்றார் பலீல், வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு.

சனிக்கிழமை காலை, அதே இருவரோடும் திரையோடும், கறுப்புக் கார் அதே வழியில் புறப்பட்டது. பள்ளங்கள் வந்தன, போயின. மணிக்கட்டுக்குச் சேதியே எட்டவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது நிக்கலஸ் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தான்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதி மூலையில், ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. திருகாணிக்கு மூன்றரைச் சுற்று வேண்டும். நிக்கலஸ் சுற்றினான். ஒன்று. இரண்டு. கார் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. பிரேக்கின் மேல் ஏறி நின்றான். வாய்வரை வந்ததை நாக்கோடு சேர்த்துக் கடித்தான். மாட்டின் மூக்கு விளக்கில் முட்டக் கார் நின்றது.

அப்போது அந்தச் சொல் கேட்டது. முழுதாக, தெளிவாக.

மாடு, வண்டிக்காரன், பலீல் மூவரும் நிக்கலஸைப் பார்த்தார்கள். அவன் வாய் இறுக மூடியிருந்தது, உதட்டோரம் இரத்தம். மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறீங்க?" என்றாள் லுத்பியா உள்ளிருந்து. "நானும் இந்தப் பக்கம் பொறந்தவதானே. இவன்ட்டதான் படிச்சேண்டு நெனச்சீங்களா?"

பலீல் தொப்பியைச் சரிசெய்தார். லுத்பியா விடவில்லை.

"பச்சக் கார எடுங்க. அது கைய அடிச்சாலும், திரும்பச் சொன்னாத் திரும்புது."

"அப்ப இவன்ட வாய்?"

"ஈக்கட்டும். வியாழக்கிழம ஏழுல ரெண்டு, அவனுக்கு முந்தி என்ட வாய்வரைக்கும் வந்திச்சு. அடக்கிக்கிட்டன்."

முதலாளி முகத்தைத் துடைத்தார். "வண்டியத் திருப்பு, பச்சயவே எடுப்பம்" என்றார்.

நிக்கலஸ் சுற்றத் தொடங்கினான். மூன்றரைச் சுற்றும் முடியும்வரை காரில் யாரும் வாய் திறக்கவில்லை.