செருப்பு ஃப்ரிட்ஜில் இருந்த வீட்டிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

1.
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தான் என்பீர்கள். இந்தப் பொய்க்கு மாதச் சம்பளம் உண்டு. ஞாபகமறதிக்கு மூலிகை மாத்திரை விற்கும் கம்பெனியில், டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளை எழுதுபவன் அவன்.

(‘அவன்’ என்று எழுதினால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். நான்தான்.)

2.
விஞ்ஞான ஆதாரம் கேட்டேன். மேனேஜர் ஒரே ஒரு தாளை நீட்டினார். பதினாறு நோயாளிகள், எட்டு வாரம். வாராவாரம் அதே பத்துச் சொற்களை நினைவிலிருந்து சொல்லவேண்டும். எட்டாவது வாரம் வாசல் காவலாளியே பத்தையும் ஒப்பித்திருப்பார்.

“மாத்திரை சாப்பிடாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா, சார்?”

“சாப்பிடாதவங்க நம்ம கஸ்டமரே இல்லையேப்பா! ஆதாரத்தை விடு. யாராவது ஒரு அம்மா அழுதுகிட்டே நன்றி சொல்ற மாதிரி கடிதம் ஒண்ணு போடு.”

3.
கடிதத்தின் தொடக்கங்கள்:

‘மதிப்புக்குரிய ஐயா, இருண்டு கிடந்த என் வாழ்வில்...’ (அடித்துவிட்டேன்.)

‘நான் ஓய்வுபெற்ற...’ (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

‘என் கணவர் செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, “டீச்சர், நான் வீட்டுக்குப் போகட்டுமா?” என்று என்னிடம் கேட்பார்.’

இது கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? அது என் அத்தான், அக்காவின் கணவர். நோயை அவரிடம் எடுத்தேன். குணமானதை மட்டும் கைக்காசு போட்டுச் சேர்த்தேன்: ‘ஆறே வாரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்!’

4.
கடிதம் அச்சாகி டப்பாவோடு கடைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, இந்தக் கதையை இந்த இடம்வரை எழுதியபோது போன் அடித்தது. அக்கா. (நான் ஏதோ எழுதிப் பிழைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.)

“தம்பி, அவருக்கு ஒரு புது மாத்திரை குடுத்துக்கிட்டு வரேன்டா. டப்பாக்குள்ள ஒரு பொம்பளை எழுதியிருக்கா பாரு, அப்படியே நம்ம வீடு! அவ புருஷனும் செருப்பை ஃப்ரிட்ஜுல வைப்பாராம். அவருக்கே சரியாயிடுச்சுன்னா உங்க அத்தானுக்கு ஆகாதா? டாக்டர் குடுத்ததை நிறுத்திட்டேன். அஞ்சு வாரம் ஆச்சு. அடுத்த வாரம் என் பேரைச் சொல்லுவாருல்ல?”

5.
முடிவுகள்:

முதலாவதில் அத்தான் பெயரைச் சொல்லிவிடுகிறார். மேனேஜருக்குப் பிடித்த முடிவு.*

இரண்டாவதில், “அக்கா, அந்தப் பொம்பளையே நீதான், நான்தான் உன்னைத் திருடி...”

நிஜத்தில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக்கா.”

“ஏன்டா?”

அக்கா லைனில் காத்திருக்கிறாள். பொய் சொல்லத்தான் எனக்குப் பயிற்சி. போனை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள். அவள் கையில் இன்னும் அந்தத் தாள் இருக்கிறது.

* சொன்னாலும் அது ஆதாரமாகாது. பாதி அத்தானுக்கு மாத்திரை, பாதி அத்தானுக்கு வெறும் மாவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. எங்களிடம் இருப்பது ஒரே அத்தான்.