முதல் பெயர்

"உன் வீட்டுக்கு வந்த கடுதாசியில அவன் பேரு என்னடி பண்ணுது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மேவிஸ்.

கிளெண்டா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகவரி அவளுடையது. பெயர் மட்டும் திரு. டி. ஹார்வுட். டெரிக் ஹார்வுட் அந்த வீட்டை விட்டு, அவளையும் விட்டுப் போய்ப் பதினான்கு வருடமாகிறது.

"பிரிச்சுப் படி. எங்களுக்கு மூணே வாரத்துல காசு வந்துச்சு."

"உங்க வீட்டுல யார் கையெழுத்துப் போட்டது?"

"எங்க வீட்டுக்காரரு ரான்தான். வேற யாரு போடுவா?" மேவிஸ் தன் வீட்டு மாவு டப்பாவைத் திறப்பதுபோல் கிளெண்டாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

அந்த வருடம் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பித் துறைமுகத்தில் எங்கள் தெரு முழுக்க இதே பேச்சுதான். வீட்டுக்கடனைக் கட்டி முடிக்கிறவர்களிடம் கடைசி நாளில் ஒரு 'முடிப்புக் கட்டணம்' வாங்குவது கடன் சங்கங்களின் வழக்கம். கடன் கொடுத்தபோது எழுதியிருந்த தொகை ஒன்று. வசூலித்தது அதைப்போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு. இது அநியாயம், திருப்பிக் கேளுங்கள் என்று பத்திரிகைகள் மாதிரிக் கடிதமே அச்சடித்துப் போட்டன. தெருவில் பாதிப்பேர் அதைக் கத்தரித்து, தங்கள் பெயரை நிரப்பி அனுப்பினார்கள். கிளெண்டா கத்தரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, மீன் ஆலையின் பனிக்கட்டியில் விறைத்துப்போன விரல்களால் தன் கையாலேயே எழுதினாள். 'நான் கட்டினேன், என்னிடம் வாங்கினீர்கள், எனக்குத் திருப்பித் தர வேண்டும்' என்று முடித்து, கிளெண்டா ஹார்வுட் என்று முழுப் பெயரையும் போட்டாள்.

பதில் டெரிக்குக்கு வந்திருந்தது. 'அன்புள்ள திரு. ஹார்வுட், தங்கள் புகார் கிடைத்தது. மேற்கொண்டு பரிசீலிக்க முதல் பெயர்தாரரின் கையெழுத்து தேவை.'

மேவிஸ் எட்டிப் பார்த்தாள். "அட, ஒரு கையெழுத்துதானே! போய் வாங்கிட்டு வா. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

ஒரு கையெழுத்துதான். அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது மேவிஸுக்குத் தெரியாமல் இல்லை. தெருவுக்கே தெரியும். 1984-இல் கடன் வாங்கப் போனபோது டெரிக்குக்கு வேலை கிடையாது; அவன் போய்வந்த மீன்பிடிக் கப்பலை உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டார்கள். கிளெண்டாதான் ஆலையில் ஹாடக் மீனை வகிர்ந்து சம்பளம் கொண்டுவந்தாள். முன்பணமும் அவள் சேர்த்ததுதான். இருந்தும் சங்கத்து எழுத்தர் படிவத்தை டெரிக் பக்கம்தான் நகர்த்தினார். அவன் பெயர் மேலே ஏறியது, அவள் பெயர் கீழே. நாட்டை ஒரு பெண் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. பணநோட்டில் ராணியின் தலை. அதெல்லாம் நோட்டோடு சரி. படிவம் என்று வந்தால் புருஷன்தான் முதல்.

பிங்கோ ஆட்டக் கூடத்தில் சீட்டு விற்ற பாலினோடு டெரிக் போனபோது, வீடு கிளெண்டாவுக்கு என்று கோர்ட் சொன்னது. கடனும் அவள் தலையில்தான். சரி, அவன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சங்கத்துக்குப் போனாள். "உங்க ஒருத்தர் சம்பளம் பத்தாதே," என்றார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போதுமாயிருந்த அதே சம்பளம்! அந்தப் பத்தாத சம்பளத்தில் பன்னிரண்டு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டினாள். கடைசி நாளில் முடிப்புக் கட்டணத்தையும் வைத்தால்தான் வீட்டுப் பத்திரம் கைக்கு வரும் என்றார்கள். இரண்டு வாரம் கூடுதல் ஷிஃப்ட் பார்த்து அதையும் வைத்தாள்.

அத்தனை வருடமும் சங்கத்திலிருந்து வந்த எந்தக் காகிதத்திலும் கிளெண்டா என்ற பெயர் இல்லை. திரு மற்றும் திருமதி டி. ஹார்வுட், இல்லாவிட்டால் வெறும் திரு. டி. ஹார்வுட்.

"காசு கிடக்கட்டும் மேவிஸ்," என்றாள் கிளெண்டா. "கட்டினது நான்னு அவங்க ஒரு தடவை, ஒரே தடவை எழுதணும். என் பேரைப் போட்டு ஒரு செக்கு வரணும். அவ்வளவுதான் எனக்கு."

"பேரை வச்சு வறுத்தா திங்கப் போற?" என்றாள் மேவிஸ், இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

கிளெண்டா சங்கத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தது ஒரு சின்னப் பெண். குரலில் தேன் ஒழுகியது.

"உங்க பேரு இருக்கு மேடம். ரெண்டாவதா இருக்கு. புகார்னு வந்தா முதல் பெயர்தாரர்கிட்டதான் நாங்க பேச முடியும்."

"கட்டினதெல்லாம் என் கணக்குலேர்ந்தும்மா. உங்க ரிக்கார்டுல இருக்குமே?"

"இருக்கு மேடம். பன்னிரண்டு வருஷமும் உங்க கணக்குதான்."

"அப்புறம் என்ன கண்ணு?"

"முறை அப்படி, மேடம்."

முறை! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை சுகமாகச் சம்பளம் வாங்குகிறார்கள்.

வேறு வழியில்லை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும், உடம்பில் மீன்வாடையோடு, கிளெண்டா பஸ் பிடித்து, டெரிக் இருக்கும் பக்கத்து ஊர் கிளீத்தோர்ப்ஸுக்குப் போனாள். டெரிக் தன் காய்கறிப் பாத்தியில் லீக் பூண்டுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தான். அவன் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் கிளெண்டாவுக்குப் பெரிய தொல்லை.

"அடடே, கிளெண்டாவா! இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் தேடி வந்திருக்கே. பாலின் பார்த்தா சந்தேகப்படுவா!"

"கையெழுத்து வேணும் டெரிக்."

"மறுபடியும் கல்யாணமா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். அவள் நீட்டிய சங்கத்துப் படிவத்தை முழங்காலில் வைத்து, மண் கையோடு பேனாவைப் பிடித்தான். "எனக்கு இதுல ஒண்ணும் வேணாம்மா. உனக்காகத்தான் போடறேன், தெரிஞ்சுக்கோ."

'தொகையைக் கிளெண்டா ஹார்வுட் பெயருக்கு அனுப்பவும்' என்று கையெழுத்துக்கு மேலே அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள். முதல் பெயர்தாரரின் தற்போதைய முகவரி என்று கேட்டிருந்த இடத்தில் டெரிக் தன் முகவரியை எழுதினான். அவள், கல்யாணத்தில்கூடச் சொல்லாத அளவு பணிவாக, நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த நன்றிக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை டெரிக்கே வந்துவிட்டான். கையில் மீனும் உருளை வறுவலும் கட்டிய சூடான பொட்டலம், சட்டைப் பையில் ஒரு உறை. வேலியோரம் நின்ற மேவிஸ் கூடவே உள்ளே வந்துவிட்டாள்.

"வந்துடுச்சு கிளெண்டா! என் பேருக்குத்தான் செக்கு போட்டிருந்தாங்க. மாத்தி எடுத்தாச்சு. இந்தா, சரிபாதி." நோட்டுகளை மேசையில் வைத்தான். "பாலின் வேணாம்னா. நான்தான் நியாயம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டேன்."

"தங்கமான மனுஷன்," என்றாள் மேவிஸ். "வேற எவனாவது இருந்தா மூச்சே விட்டிருக்க மாட்டான்."

கிளெண்டா நோட்டுகளைத் தொடவில்லை. "கடுதாசி ஏதாவது வந்துச்சா?"

வந்திருந்தது. அவன் எடுத்து நீட்டினான். அவள் நின்றபடியே படித்தாள். 'அன்புள்ள திரு. ஹார்வுட், தங்களிடம் கூடுதலாகக் கட்டணம் வசூலித்ததற்கு மனமார வருந்துகிறோம். இருபத்தோரு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் செலுத்திய தங்கள் நேர்மையைப் பெரிதும் மதிக்கிறோம்.'

"நல்லா எழுதியிருக்காங்கல்ல?" என்றான் டெரிக், கூச்சத்தோடு. புகழ்ச்சி தனக்குத்தான் என்று அவன் மனசாரவே நம்பத் தொடங்கியிருந்தான்.

"மீதிப் பாதியையும் கொண்டுவா டெரிக்."

அவன் முகம் தொங்கிவிட்டது. மேவிஸ் வாயில் கை வைத்தாள். "நாக்கூசாம எப்படிடி கேக்கறே? அந்த மனுஷன் வீடு தேடி வந்து கொடுக்கறான்!"

"என் காசு. முழுசும் என் காசு."

"பேரு என்னோடதும்தானேம்மா," என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக. பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் பேராசைக்காரி என்ற சேதி சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை அவள் மறுபடி சங்கத்துக்கு ஃபோன் செய்தாள். அதே தேன் குரல்.

"அந்தப் புகாரை முடிச்சாச்சே மேடம். கருத்துப் படிவம்கூட வந்துடுச்சு. 'முழுத் திருப்தி'ன்னு டிக் பண்ணியிருக்காரு."

கிளெண்டாவுக்குக் கோபம்கூட வரவில்லை, ஷிஃப்ட் முடிந்து நிற்கிற அசதிதான் வந்தது. பிறகு கேட்டாள்: "எனக்குத் திருப்தி இல்லைன்னு எழுதிக்கறியாம்மா?"

"அதுக்கு ஸ்கிரீன்ல ஒரே கட்டம்தான் இருக்கு மேடம். முதல் பெயர்தாரருக்கு மட்டும்."

"அப்ப ஓரத்துல எங்கயாவது எழுது. கிளெண்டான்னு எழுது. எழுதிட்டேன்னு நீ சொல்ற வரைக்கும் நான் ஃபோனை வைக்க மாட்டேன்."

"ஓரத்துல எழுத முடியாது, மேடம்."

கிளெண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.