பேரலில் கறுத்த டீசல்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விடிந்தால் முதல் கடல். தூத்துக்குடி ஜெரால்டு, விலை ஏறுமென்று போன வருஷமே வாங்கிப் பதுக்கிய டீசல் பேரலைத் திறந்தார். தேன் நிறத்தில் இருந்தது கறுத்துப்போய், அடியில் கோந்துபோல் கசடு. சந்தேகப்படுவதில் அவருக்கு ஞாயிறுகூட ஓய்வு கிடையாது. நேராகத் தன் விசைப்படகு டிரைவர் ஜெனோவைப் பிடித்தார்.

“ஏலே, நல்ல டீசலை வித்துட்டு இங்கன எதை ஊத்தி வச்ச?”

“அண்ணாச்சி, பாதிப் பேரலை வருஷம் பூரா வெயில்ல போட்டா, காத்தும் ஈரமும் சேந்து அதுவே கெட்டுப்போவும். இத ஊத்துனா நடுக்கடல்ல இஞ்சின் நின்னுரும்.”

“கெட்டுப்போவ அது என்ன மீன் கொழம்பாலே? கள்ளப்பயலே!”

ஜெனோ இஞ்சின் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் பக்கத்துப் படகுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஜெரால்டு அசரவில்லை. போன வருஷம் வாங்கிய அதே டீசலில் மாதிரிக்கென்று எடுத்த அரை கேன் வீட்டில் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. அதைக் காட்டிக் களவை நிரூபித்துவிடலாம். பெட்டிச் சாவி எப்போதும் அவர் கழுத்து ஜெபமாலையோடுதான் கிடக்கும். கேனைத் திறந்தார். அதே கறுப்பு, அதே கசடு.

ஜெபமாலையில் கிடந்த சாவியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, அடுப்படியில் நின்ற மனைவி மெட்டில்டாவைப் பார்த்தார்.

“ஏளா, நான் தூங்கையில எங்கழுத்துல கைய வச்சியா?”