பெயரில் இடைவெளி உள்ள படங்கள்

வினிதா எழுதிய மென்பொருளுக்குக் கூடை என்று பெயர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கண்ணுங்களா. நீங்கள் எழுதியதையும் எடுத்த படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு அதை ஓடவிட்டால் போதும். தலைப்பு, பட்டியல், படவரிசை எல்லாம் சேர்த்து இணையத்தில் ஏற்றுகிற பக்கங்களாகக் கட்டிக் கொடுத்துவிடும். மாமல்லபுரத்தில் ஒரு நெட் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே 2003இல் அதைத் தொடங்கினாள். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று முதல் கோப்பிலேயே எழுதி வைத்தாள். நாலு வருஷத்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் பிழை சொல்லி எழுதினார்கள், திருத்தம் அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துச் சேர்ப்பதில் அவளுக்கு ஓர் அலாதி நிறைவு.

ஒரு திங்கட்கிழமை வந்த கடிதம் அந்த நிறைவில் மண்ணை அள்ளிப் போட்டது.

எழுதியவர் ராமதாஸ். திருவிடந்தைக்கு அந்தப் பக்கம், வினிதாவின் மீனவக் குப்பத்தை ஒட்டியிருந்த விடுதிக்கு மேலாளர். கூடை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. சில படங்கள் பக்கத்தில் வரவில்லை, வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் விசாரணை இருக்கிறது, அதற்குள் சரிசெய்யுங்கள் என்று எழுதி, சோதித்துப் பார்க்கக் கோப்புறையையும் இணைத்திருந்தார்.

திறந்தாள். ‘கரையோர அசுத்தம்’ என்று தலைப்பு. படகு நிறுத்துகிற இடத்தையும் கருவாடு காயவைக்கிற மணலையும் குப்பத்துக்காரர்கள் காலி செய்ய வேண்டும் என்று மனு. கீழே கருவாடு, கிழிந்த வலை, மீன் குடல். அதற்கும் கீழே ‘அதிகாலை 1’, ‘அதிகாலை 2’, ‘அதிகாலை 3’. விடிகிற நேரத்தில் தண்ணீரோரம் குந்தியிருந்த பெண்களைப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். மூன்றாவது படத்தில் இருந்தது மாரியம்மா, அவளை வளர்த்த அத்தை. போன தீபாவளிக்கு வினிதா எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவை.

இவர்கள் முன்பெல்லாம் சவுக்குத்தோப்புக்குள் ஒதுங்குவார்கள். தோப்புக்கு வேலி போட்டதே அந்த விடுதிதான்.

ஒருத்தன் இருட்டு பிரிவதற்கு முன்னால் எழுந்து போய் ஒளிந்து நின்று எடுத்திருக்கிறான். இன்னொருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து அதற்குப் பெயர் வைத்து எண் போட்டிருக்கிறான். அதையெல்லாம் அழகாக அடுக்கிக் காட்டப் போவது அவள் எழுதிய நிரல்.

கோளாறு பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. படத்தின் பெயரில் இடைவெளி இருந்தால் கூடை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பெயரை மாற்றினாலே போதும். அதை அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருப்பது என்று வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை தாவீதிடமிருந்து திருத்தம் வந்தது. மதுராந்தகம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், ஏரிப் பறவைகளுக்குப் பக்கம் வைத்திருப்பவர். அவருடைய கொக்கும் நாரையும் இதே கோளாறில் காணாமல் போயிருந்தன. மூன்றே வரி. தப்புக் கண்டுபிடிக்க முடியாதா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவ்வளவு சுத்தமான வேலை. அந்த விடுதிக்கு மட்டும் கிடையாது என்று உரிமக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள், படித்தாள், அழித்தாள். எதற்கு வேண்டுமானாலும் என்று எழுதினவளும் அவள்தானே.

வியாழக்கிழமை காலை அத்தையிடம் போய், படங்களையும் கையில் இருக்கும் திருத்தத்தையும் பற்றிச் சொன்னாள். மாரியம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“மூஞ்சி தெரியுதா?”

“இல்ல அத்தே. முதுவு தான்.”

“எந்தப் பொடவ?”

“நான் எடுத்துக் குடுத்தது.”

“காமிக்கட்டும்டி,” என்றாள் மாரியம்மா. “அது இல்லாங்காட்டி கருவாட்ட மட்டும் பாத்துகினு எழுந்து பூடுவாங்க. தோப்ப யாரு அடைச்சான்னு அப்புறம் எவன் கேப்பான்? மத்த ரெண்டு பேராண்ட நான் பேசறேன். ஒருத்தி வாணான்னாலும் நிறுத்திடு.”

மத்தியானம் திரும்பி வந்தாள். ஒருத்தி உடனே சரி என்றாளாம். இன்னொருத்தி அழுது முடித்துவிட்டுச் சரி என்றாளாம். வினிதா நெட் சென்டருக்குப் போய்த் திருத்தத்தைச் சேர்த்து, புதிய பதிப்பை வெளியிட்டாள். தன் கையாலேயே செய்கிறோமே என்று உடம்பு கூசியது.

விசாரணையில் ராமதாஸ் சுவரில் படம் காட்டினார். எல்லாப் படமும் வந்தது. மூன்றாவது அதிகாலை வந்தபோது பின்வரிசையில் யாரோ ஒருத்தன் சிரித்தான். மாரியம்மா எழுந்தாள். அதே பச்சைப் புடவை. அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“இதாங்க அது. ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க. நாங்க போய்கினு இருந்த தோப்புக்கு வேலி போட்டது யாருன்னு அவர கேளுங்க. விடியாங்காட்டியும் கேமராவத் தூக்கினு பொம்பளைங்க பின்னால இன்னா வேலன்னும் கேளுங்க.”

சிரித்தவன் இருமினான். அதிகாரி படத்தை அணைக்கச் சொன்னார். வேலியைத் தானே வந்து பார்த்த பிறகுதான் மனுவைப் பற்றிப் பேச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை ராமதாஸ் மறுபடி எழுதியிருந்தார். விரைவாகச் சரிசெய்ததற்கு நன்றி, அருமையான மென்பொருள், அடுத்த பதிப்பில் படத்தைச் சொடுக்கினால் பெரிதாகத் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு சிரிப்புக் குறி.

நாரையின் இறகு சரியாகத் தெரியவேண்டும் என்று போன மாதமே தாவீதும் அதைக் கேட்டிருந்தார். அதனால் வினிதா அதைச் செய்யத்தான் வேண்டும். செய்யவேண்டியவை பட்டியலில் தாவீதின் பெயரைப் போட்டு எழுதிக்கொண்டாள். ராமதாஸுக்குப் பதில் போடவில்லை. வாயில் கசந்து ஊறிய எச்சிலைத் துப்ப எழுந்து வெளியே போனாள்.