நாற்பத்து மூன்றாவது கோரிக்கை

ஆசிரியர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு மனுவில் ஒவ்வொரு கிளையும் ஒரு கோரிக்கை சேர்க்கலாம். எதையும் யாரும் நீக்கக் கூடாது. இந்த முறை நாற்பத்து மூன்று. கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுப்பது நான்காவது. உலக நாடுகள் அணு ஆயுதங்களைக் கைவிடுவது ஒன்பதாவது. பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிகமாகவே இருக்கும் கணக்கு டீச்சரையும் அவரைப் போன்ற அறுபது பேரையும் மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்பது கடைசி.

"எங்களுதை முதல்ல வைங்க சார். இன்னும் இருபது நாள்தான் இருக்கு," என்றார் கணக்கு டீச்சர்.

செயலாளருக்குப் பட்டப்பெயர் மைக்செட். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார். "உங்களுதை மட்டும் கேட்டா மத்த கிளைக்காரங்க ஊர்வலத்துக்கு வருவாங்களாம்மா? கடலுக்குன்னே நூறு பேர் வர்றாங்க."

"கடலுக்கு ஒண்ணாந்தேதி வேலை போகாது சார்."

இருபது நாளில் பதினெட்டு ஊர்வல ஏற்பாட்டிலேயே போயின. கல்வி இயக்குநர் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். எத்தனை கோரிக்கை என்று கேட்கும்போது இறுகியிருந்த அவர் முகம், எண்ணிக்கையைக் கேட்டதும் மலர்ந்தது.

"அவசரமே இல்ல. ஒண்ணொண்ணா படிங்க."

கடலுக்கு உடனே சம்மதித்தார். அணு ஆயுதம் பற்றித் தமக்கும் தூக்கம் வருவதில்லை என்றார். ஆசிரியர் அறை மின்விசிறிக்கு மூன்று இறக்கையா நான்கா என்பதில் சங்கத்துக்குள்ளேயே பதினைந்து நிமிடம் சண்டை. முப்பத்தொன்றாவதில் உதவியாளர் வந்து கார் தயார் என்றார். மற்றதையெல்லாம் பரிசீலிப்பதாகச் சொல்லி இயக்குநர் எழுந்தார்.

வெளியே மைக்செட் முழங்கினார்: "முப்பத்தொண்ணுல இருபத்தாறு! மாபெரும் வெற்றி!"

"சார், எங்களுது?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா." சற்று யோசித்தார். "ஆனா ஒண்ணாந்தேதியிலிருந்து நீங்க உறுப்பினரே இல்லையே. வெளியாள் கோரிக்கையை மனுல எப்படிச் சேர்க்கிறது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. சங்க விதியைத்தான் சொன்னார்.

கணக்கு டீச்சர் திரும்பி நடந்தார். கூட்டத்திலிருந்து அறுபது பேர் பின்னால் போனார்கள். "வரிசை கலையக் கூடாது!" என்று ஒலிபெருக்கி அலறியது. வாசலில் புறப்பட்ட காரை மறித்து நின்றார்கள். கண்ணாடி இறங்கியது.

"மத்ததையெல்லாம் பரிசீலிக்கிறோம்னு சொன்னேனேம்மா," என்றார் இயக்குநர்.

"மத்தது எங்களுக்கு வேண்டாம் சார். ஒண்ணே ஒண்ணுதான்."

இயக்குநர் ஒலிபெருக்கி இருந்த பக்கம் உதவிக்குப் பார்த்தார்.