தோன் எவேலியோவின் மனு

எங்கள் கோஸ்டா ரிக்காவில் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போக வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். கிழித்த நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். பள்ளிக் கழிப்பறைக்குக் கதவில்லை என்று பத்து வயதுப் பிள்ளைகூட மனுப் போடும். என் அப்பா மட்டும் போட மாட்டார்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைக்கு ஐந்து வருடம் கழித்து நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரை இருக்கிற பார்வை தாங்காது என்றார் டாக்டர். ஒரே ஒரு மனு போதும், வேலை முடிந்துவிடும்.

"எனக்கு முன்னால எத்தனை பேர் நிக்கறாங்க! கோர்ட்டைக் காட்டி நான் மட்டும் முந்தணுமா?"

"எல்லாரும் அப்படித்தானேப்பா போறாங்க!"

"அதனாலதான் வரிசை நகர மாட்டேங்குது. என் பேர்ல நீ மனுப் போட்டே, ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்க மாட்டேன்."

அலஹுவேலா நகரில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் வலைப்பூ. மந்திரிகள், தீர்ப்புகள், டிவி தொடர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பேன். 'யோர்லெனி சொன்னால் சரிதான்' என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் பின்னூட்டம் போடுவார்கள். வீட்டில் அந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வியாழக்கிழமை ஏழு மணித் தொடருக்குக் கடைசி நாள். அப்பா காதால் கேட்பார், படத்தை நான் சொல்ல வேண்டும். கல்யாணத்தின் நடுவே, குழந்தைக்கு அப்பன் யார் என்று சொல்லக் கதாநாயகி வாயைத் திறந்தாள். திரையில் ஜனாதிபதி வந்தார். இன்னும் கட்டி முடிக்காத ஒரு பாலத்தைப் பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசினார். அவர் போனபோது நடிகர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆத்திரத்தில் உட்கார்ந்து வலைப்பூவில் ஒரு போலி மனு எழுதினேன். 'அப்பன் யார் என்று அறிவது குழந்தையின் உரிமை மட்டுமல்ல, எட்டு மாதமாகத் தொடர் பார்த்தவனின் உரிமையும்கூட' என்று ஆரம்பித்தேன். அறுநூறு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் இருந்தார் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. என் மின்னஞ்சலுக்கு ஒரு தீர்ப்பு வந்தது. மனுதாரர்: எவேலியோ சமோரா. என் அப்பா.

பக்கத்து வீட்டு ஃப்ளோர், நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் தடவித் தடவித் தன் கையாலேயே எழுதி, பதில் வர என் மின்னஞ்சலைப் போட்டு, பஸ் ஏறித் தலைநகருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அப்பா, அது கிண்டல்!"

"உரிமைன்னு எழுதியிருந்தியே?"

"கண்ணுக்காகப் போக மாட்டீங்க, நாடகத்துக்காகப் போவீங்களா?"

"நாடகத்துக்கு ஏதுடி வரிசை? எல்லாருக்கும்தான் நின்னுபோச்சு. நான் யாரைத் தள்ளிட்டுப் போனேன்?"

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் தீர்ப்பின் இரண்டாம் பக்கம் வேறு கதை சொன்னது. 'இந்தத் தொடரைக் காதால் கேட்டுத்தான் பார்க்கிறேன். எனக்குக் கண் தெரியாது, அறுவைக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது' என்று அப்பா போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். நீதிபதிகள் நாடகத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிடம் விளக்கம் கேட்டு, மூன்று மாதத்துக்குள் அறுவை செய்ய உத்தரவு போட்டிருந்தார்கள்.

நான் துள்ளிக் குதித்தேன். அப்பாவின் முகம் இருண்டது.

"நான் கேட்டது கல்யாண சீனு. இதை யாரு கேட்டா? திருப்பிக் குடுத்துடு."

"திருப்பிக் குடுக்க இது அளவு பத்தாத சட்டையா?"

"வரிசையில எல்பா எனக்கு முன்னால இருக்கா. தையல்காரி. ஊசியில நூல் கோக்க முடியாம உக்காந்திருக்கா. அவ போகாம நான் போக மாட்டேன்."

"அவங்க மனுப் போடலையே!"

"அப்போ போடு."

ஆஸ்பத்திரியிலிருந்து நாளும் வந்தது, பதினான்காம் தேதி. சனிக்கிழமை தோன்யா எல்பா வந்தார், கூடவே வரிசையில் இருந்த இன்னும் ஆறு பேரை அழைத்துக்கொண்டு. பெரியவர்களைத் தோன், தோன்யா என்றுதான் நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுவோம். வெல்லத் தண்ணீர் போட்டுக் கொடுத்தே என் கை ஓய்ந்தது.

"ஒரு பக்கம் போதும் தோன்யா எல்பா. கண்ணைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

"என் மருமகன் பண்ணினதையும் சேத்துக்கோ மகளே. ஜட்ஜுக்கும் தெரியட்டும்."

வலைப்பூவில் இந்த வரிசையைப் பற்றி முதல் முறையாகக் கிண்டல் இல்லாமல் எழுதினேன். நான்கு பின்னூட்டம் வந்தது. மூன்றில் குழந்தைக்கு அப்பன் யார் என்று கேட்டிருந்தார்கள்.

ஏழு மனுக்களையும் கொடுத்து, முத்திரை குத்திய நகல்களைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தேன். தாள்களை ஒன்று ஒன்றாக எண்ணினார்.

"எல்பாவோடது எது?"

எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரிந்திருக்காது. "சரி, வரேன்" என்றார்.

பதினான்காம் தேதி காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். "இங்க கையெழுத்துப் போடுங்க, தோன் எவேலியோ."

"என்ன எழுதியிருக்கு?"

"அறுவைக்குச் சம்மதம்னு எழுதியிருக்குப்பா. போடுங்க" என்றேன்.

"அவ்வளவுக்கு நாலு தாளா? பூராவும் படி. சுருக்காதே."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.