பதினேழாம் எண் சீட்டு

மருந்துக்கடை மாடியில் இருந்த அறையில் நாற்பத்திரண்டு பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. குளிருக்கு உடுப்பு இல்லாத நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு. கோட்டு, கம்பளிச் சட்டை, காலுறை, குல்லாய் என்று தெருத்தெருவாகக் கேட்டு வாங்கி, பழுதாய்ப் போன ஜிப்பை மாற்றி, கிழிசலை அடைத்து, அவரவர் உடம்புக்கு ஏற்றபடி பிரித்து வைத்தவள் தையற்காரி. அவளுக்கு 'ஏறக்குறைய' என்ற பேச்சே ஆகாது. அளவு என்று வந்துவிட்டால் கால் அங்குலத்துக்குக் கூட மல்லுக்கு நிற்பாள்.

கூடமாட ஒத்தாசை செய்தது அவள் நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம், கையில் எந்நேரமும் போன். வாங்குகிறவர்கள் கூச்சப்படக் கூடாது என்று பெயர் எழுதாமல் எண்ணும் அளவும் மட்டும் எழுதிச் சீட்டு ஒட்டியது தையற்காரியின் யோசனை. அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து, இன்னும் எட்டுக் கோட்டு வேண்டும், கொடுப்பது இன்ன நாள் நாலு மணிக்கு இன்ன இடத்தில் என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டது நாத்தனாரின் யோசனை. கோட்டுகள் வந்தன. பொட்டலம் கொடுக்கிற நாளன்று, மூன்றரை மணிக்கு ஒரு மனிதரும் வந்தார்.

ஷூவை மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் கருநீல நிறத்தில் ஒரு சின்னக் கோட்டு, புத்தம் புதுசு. "உக்காரலாமாங்க?" என்று கேட்டு உட்கார்ந்தார். தையற்காரிக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

"இது பதினேழாம் நம்பருக்குங்க" என்று போனை நீட்டினார். படத்தில் அவள் கையெழுத்து பெரிதாகத் தெரிந்தது. பெண், எட்டு வயது, இடது கை வலதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை, முழங்கை முழுசாக மடங்காது, அக்குளில் தளர்வு வேண்டும்.

"எம் பொண்ணுங்க. மாடியிலேருந்து விழுந்து கை உடைஞ்சுது. அவ அம்மா கோவிச்சுக்கிட்டு எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டா. நாலு மணிக்கு வருவாங்கல்ல? நானே எங்கையால போட்டு விடணும்."

அவருக்குக் கொடுத்த மரியாதை அத்தோடு போதும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் தாய் இதே அறையில் நின்றிருந்தாள். "பேரு எழுதாதீங்கக்கா. விலாசமும் கேக்காதீங்க. அவரு தேடிட்டிருக்காரு. இந்தத் தடவ கையோட நிக்காது." தையற்காரி பெயரை எழுதவில்லை. விலாசமோ போன் நம்பரோ கேட்கவும் இல்லை. ரகசியத்தைக் கட்டிக் காத்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர் உலகத்தில் எட்டு வயதுப் பெண் எத்தனையோ பேர், இந்தக் கை ஒருத்திக்குத்தான் என்பது அந்தக் கெட்டிக்காரிக்கு உறைக்கவே இல்லை. நாத்தனாரின் போன் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். எழுதிய கை தன்னுடையதாயிற்றே.

"பதினேழு நேத்தே வாங்கிட்டுப் போயாச்சுங்க" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் தோளுக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினான். "அங்க இருக்கே. ரெண்டாவது தட்டுல." குரல் கொஞ்சம் கூட உயரவில்லை. "பரவால்லங்க. நான் காத்திருக்கேன்."

போலீசுக்குச் சொன்னால் என்ன சொல்வது? ஒரு தகப்பன் பிள்ளைக்குக் கோட்டு கொண்டுவந்திருக்கிறான் என்றா? நூல் எடுக்கிற சாக்கில் பின்னறைக்குப் போய், அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பின்படி வழியா இறங்கி ஓடு. தெருமுனையில நின்னு எல்லாரையும் திருப்பி அனுப்பு."

"எல்லாரையுமா? இன்னிக்குத் தண்ணி உறையற குளிருன்னு சொல்லியிருக்கான், அண்ணி."

"பதினேழாம் நம்பர்காரி மூஞ்சி உனக்குத் தெரியாது. குழந்த கை சால்வைக்குள்ள இருந்தா என்ன பண்ணுவ? ஒருத்தரையும் விடாத. ஒரு ஆள் சின்னக் கோட்டோட வந்து உக்காந்திருக்கான்னு மட்டும் சொல்லு. புரியவேண்டியவளுக்குப் புரியும்."

திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, தைத்து முடித்த பொத்தானைப் பிய்த்து மறுபடி தைத்தாள். ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. நாலு அடித்தது. நாலேகாலும் ஆயிற்று.

"யாரையும் காணமே" என்றான்.

"குளிருல்ல. மெல்லத்தான் வருவாங்க."

அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. ஒரு பெரிய காலும் ஒரு சின்னக் காலும். அவன் எழுந்து கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டான். தையற்காரி ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள். அந்தத் தாய்தான், எங்கோ சந்து வழியாக நுழைந்துவிட்டாள், போச்சு, எல்லாம் போச்சு. கதவு திறந்தது. ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள், தன் மகனோடு. ஒன்பதாம் எண். அவன் பையனின் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அறை ஏன் இப்படி ஆளில்லாமல் கிடக்கிறது என்று புரியாமலே போனாள்.

ஐந்தரை மணிக்கு அவன் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். "நாளைக்கும் வரேங்க. உங்களுக்குத்தான் சிரமம்." கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் வந்தாள். மூக்கு சிவந்து, பல் கிட்டித்துப் போயிருந்தது. "நாப்பது குடும்பம் அண்ணி. ஜென்மத்துக்கும் போதுங்கற அளவுக்குத் திட்டு வாங்கிட்டேன்."

"அவ?"

"ஒருத்தி மட்டும் திட்டல. ஆளு பேச்சு ரொம்ப மரியாதையா இருந்துச்சான்னு கேட்டா. ஆமா, ஷூவெல்லாம் தொடச்சிட்டுத்தான் உள்ள வந்தாருன்னேன். மூஞ்சி செத்துப்போச்சு. வீட்டுப் பக்கம் கூடப் போகல. குழந்தையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினா. நாலே முக்கா பஸ் அந்த முனையத் தாண்டித்தான் போச்சு. ஜன்னலோரம் ரெண்டு பேரும் இருந்தாங்க."

தையற்காரி பொத்தென்று உட்கார்ந்தாள். தப்பிவிட்டார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் அழுகையாக வந்தது. நாளைக்கு அவன் வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும். ஜன்னல் கண்ணாடியில் பனி வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை நின்றது.

"குழந்த என்ன போட்டிருந்தா?"

நாத்தனார் குல்லாயைக் கழற்றி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"சொல்லு."

"பள்ளிக்கூடச் சட்டைதான், அண்ணி. கோட்டு வாங்கத்தானே வந்தாங்க."